சீப்பு படாத எட்டு வருஷம்

போன மாதம் என் நாய் சுருளியின் சடையை எடுத்துவிட்டேன். எட்டு வருஷம் வளர்த்தது இரண்டு மணி நேரத்தில் தரையில் கிடந்தது. அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அவன் பக்கத்தில் வந்து படுத்ததும் விரல் தானாகப் போய்ச் சடையின் அடியைத் தேடுகிறது. அங்கே இப்போது அரை விரல் உயரத்துக்கு மெத்தென்று முடி மட்டும்தான். இந்த வேலையைக் கை மறப்பதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சுருள் முடி நாய்க்குச் சடை வளர்க்க ஆசைப்பட்டு, வளர்க்கலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர்களுக்கு உதவும்.

சுருளி கறுப்பு ஸ்டாண்டர்டு பூடில். ஆண். பூடில் என்றதும் பஞ்சு உருண்டை மாதிரி கத்தரித்துவிட்ட நாய்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதே முடியைச் சீவாமல் விட்டு, கையால் பிரித்துப் பிரித்து வளர்த்தால் ஆலமர விழுது மாதிரி சடை சடையாகத் தொங்கும். நம் பேச்சில் முடி அடர்ந்த எந்த நாயையும் சடைநாய் என்று சொல்லிவிடுகிறோம். நிஜமாகவே சடை விழும் நாய்கள் ஒருசில இனங்கள்தான். ஹங்கேரியில் இரண்டு இருக்கின்றன: ஆட்டுக்குக் காவல் நிற்கும் பெரிய வெள்ளை கொமொண்டோர், மந்தையை ஓட்டும் சின்ன 'புலி'. ஆமாம், அந்த இனத்தின் பெயரே புலிதான். ஹங்கேரிய மொழிச் சொல், நம் புலிக்கும் அதற்கும் உறவு இல்லை. மார்க் சக்கர்பெர்க் வீட்டில் 'பீஸ்ட்' என்று ஒரு வெள்ளைச் சடைநாய் இருந்ததே, அது இந்த இனம். இத்தாலியில் பெர்கமாஸ்கோ இருக்கிறது. அதற்கு உருண்டைச் சடை வராது, மூன்று வகை முடி ஒன்றாகப் பின்னித் தட்டைத் தட்டையாக அடுக்கு விழும். ஸ்பானிஷ் வாட்டர் டாக் என்ற இனத்துக்கும் முடி நீண்டால் சடை வரும்.

பூடிலுக்குச் சடை என்பது புதிய யோசனை இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து நாய்க் கண்காட்சிகளில் சடைப் பூடில்தான் பெரிய கவர்ச்சி. சடை வேறு இனம், சுருள் வேறு இனம் என்றுகூட அப்போது வாதம் நடந்தது. இரண்டும் ஒரே நாய்தான், சீவினால் சுருள், சீவாவிட்டால் சடை என்று தெளிவாகக் கொஞ்ச காலம் ஆயிற்று. எண்ணெய் தடவி, துணியில் சுருட்டிக் கட்டி அந்தச் சடைகளைப் பாதுகாத்தார்கள். நாறாமல் என்ன செய்யும்? மெல்ல மெல்லச் சீவின பூடில் ஜெயித்தது. ஆனால் இன்றைக்கும் அமெரிக்கன் கென்னல் கிளப்பின் பூடில் வரையறையில் சுருள், சடை என்று இரண்டு முடியும் எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரியைப் படித்த பிறகுதான் எனக்கும் துணிச்சல் வந்தது.

சடை எப்படி விழுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் மற்ற எல்லாம் தானாகப் புரியும். கம்பளிச் சட்டையை வெந்நீரில் போட்டுக் கசக்கித் துவைத்தால் சுருங்கி அட்டை மாதிரி ஆகிவிடும் அல்லவா, அதேதான். முடியின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரமும் அசைவும் சேரும்போது ஒரு முடியின் செதில் இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும். முன்னால் நகரும், பின்னால் வராது. சாதாரண நாய்க்கு உதிர்ந்த முடி தரையில் விழுந்துவிடுவதால் இது நடப்பதில்லை. பூடிலுக்கும் முடி உதிர்கிறது. ஆனால் சுருளுக்குள் சிக்கி அங்கேயே நின்றுவிடும். உயிருள்ள முடியை இறந்த முடி கட்டுகிறது. சீப்புக்காரர்கள் அந்த இறந்த முடியைத் தினமும் வெளியே எடுக்கிறார்கள். சடைக்காரர்கள் அதை உள்ளேயே விட்டு, எந்த வழியில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று காட்டுகிறார்கள். வேறுபாடு அவ்வளவுதான்.

அதனால்தான் 'சும்மா விட்டால் சடை ஆகிவிடும்' என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். சும்மா விட்டால் சடை ஆகாது, சிக்கு ஆகும். ஒட்டுமொத்த முடியும் ஒரே பாயாக உடம்பைச் சுற்றிக்கொள்ளும். நாய் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அந்தப் பாய் தோலை இழுக்கும். உள்ளே காற்று போகாது. ஈரம் நிற்கும், புண் வரும், புழுகூட வைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சடையும் சிக்கும் ஒன்று மாதிரிதான் இருக்கும். தெருவில் போகிறவர்களுக்கு மட்டும் இல்லை, கால்நடை மருத்துவர்களுக்கே சில நேரம் சந்தேகம் வரும். ஒரே சோதனை: விரலை உள்ளே விட்டு விலக்கினால் தோல் தெரிய வேண்டும். இரண்டு சடைக்கு நடுவில் சுத்தமான தோல், கோடு போட்ட மாதிரி. அது தெரிந்தால் சடை. தெரியாவிட்டால், நுனி எவ்வளவு அழகாகத் தொங்கினாலும் அது சிக்குதான். இந்த எட்டு வருஷத்தில் நான் பார்த்த வேலை முழுக்க அந்தக் கோட்டை மறையாமல் காப்பாற்றிய வேலைதான். நுனியை யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள். வளர்க்கிறவர் அடியைப் பார்க்க வேண்டும்.

சுருளிக்குப் பத்து மாதம் ஆனபோது தொடங்கினேன். குட்டி முடி போய்ப் பெரிய முடி வருகிற பருவம் அது. பூடிலுக்குப் பெரும்பாலும் ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் இது நடக்கும். பூடில் வளர்த்தவர்களுக்கு இந்தப் பருவம் என்றாலே பயம். காலையில் சீவினால் சாயங்காலம் சிக்கு. குட்டி முடி மென்மையாக உதிர்ந்து, வருகிற முரட்டு முடியில் சுற்றிக்கொள்ளும். நிறையப் பேர் அலுத்துப்போய் மழித்துவிடுகிற நேரம் இதுதான். சடை வளர்க்க நினைக்கிறவருக்கோ இதுதான் வாய்ப்பு. முடி தானே கட்டிக்கொள்ளத் துடிக்கிறது, நாம் வழி மட்டும் காட்டினால் போதும்.

முதல் வேலை, பாதி ஈரத்தில் பிரிப்பது. குளிப்பாட்டி, துண்டால் ஒற்றி, பிரஷ் படாமல் விட்டால் சுருள்கள் தாமாகவே சின்னச் சின்னக் கொத்தாக நிற்கும். அந்தக் கொத்துதான் சடையின் விதை. தோலில் எவ்வளவு இடத்திலிருந்து கிளம்புகிறதோ அதற்கேற்ற பருமன் பிறகு வரும். நான் முதுகில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சதுரம் எடுத்துக்கொண்டேன், காதிலும் காலிலும் அதில் பாதி. காய்ந்து கட்டிய பிறகு பென்சிலை விடக் கொஞ்சம் தடிமனாக வந்தது. இன்னும் மெல்லிசாக ஆசைப்பட்டுக் கழுத்தில் சிலவற்றை நூல் நூலாகப் பிரித்தேன். அது தவறு. அடியில் பிடிமானம் போதாமல் ஒரு வருஷத்தில் கையோடு கழன்று வந்துவிட்டன. சடைக்கு எடை கூடிக்கொண்டே போகும், அதைத் தாங்க அடியில் போதுமான முடி வேண்டும்.

முதல் ஆறு மாதம் நாய் அசிங்கமாகத்தான் இருக்கும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் சொல்கிறேன். சடையும் இல்லை, சுருளும் இல்லை, மழையில் நனைந்த கம்பளி மாதிரி ஒரு தோற்றம். வருகிறவர் போகிறவர் எல்லாம் அறிவுரை சொல்வார்கள். அந்த ஆறு மாதத்தில்தான் வேலையும் அதிகம். தினமும் அரை மணி நேரம். ஏதாவது ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு, நேற்று பிரித்தது இன்று சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துத் திரும்பப் பிரிக்க வேண்டும். இன்று இடது தோள், நாளை வலது தோள் என்று முறை வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் உடம்பு முழுக்க ஒரு சுற்று வந்துவிடும்.

பிரிக்கிற விதம் எழுத்தில் சொல்லக் கொஞ்சம் கஷ்டம், முயற்சி செய்கிறேன். இரண்டு சடை அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். ஒன்றை இடது கையில், மற்றதை வலது கையில், தோலிலிருந்து ஒரு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு மெல்ல விலக்க வேண்டும். பழைய துணி கிழிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வரும். நாய்க்கு வலிக்காது, ஏனென்றால் கிழிவது இறந்த முடிகளின் பிணைப்பு. இழுப்பு தோலுக்குப் போகாமல் இரண்டு கைக்கும் நடுவிலேயே முடிந்துவிட வேண்டும். சுருளி இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்குவான். அவன் தலையைத் தூக்கிப் பார்த்தால், நான் தவறான கோணத்தில் இழுத்திருக்கிறேன் என்று பொருள். உடனே கையை விட்டுவிடுவேன். கையால் பிரியாத அளவுக்கு இறுகியிருந்தால் மழுங்கிய நுனி கத்தரியை, தோலுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி வைத்து, நீளவாக்கில் ஒரு சின்ன வெட்டு. பிறகு மறுபடியும் கை. குறுக்கே வெட்டவே கூடாது.

ஒன்றரை வருஷம் போனதும் சடைகள் நிலைத்துவிடும். நடுப்பகுதியும் நுனியும் இனி ஒன்றோடொன்று சேராது. அங்கே நமக்கு வேலை இல்லை. ஆனால் அடியில் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போலப் புது முடி வந்துகொண்டே இருக்கிறது. அந்தப் புது முடிக்கு எந்தச் சடை தன்னுடையது என்று தெரியாது. பக்கத்துச் சடையின் முடியோடு சேர்ந்துவிடும். மூன்று வாரம் கவனிக்காமல் விட்டால் அடியில் மெல்லிய வலை மாதிரி ஒன்று படர ஆரம்பிக்கும். இரண்டு மாதம் விட்டால் வலை பாயாகிவிடும். வெளிநாட்டுப் பயணம், உடம்பு சரியில்லை, வீட்டில் ஒரு விசேஷம், எது வந்தாலும் மூன்று வாரக் கணக்கு மட்டும் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

எல்லா இடமும் ஒரே வேகத்தில் சேராது. காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குள், கழுத்துப் பட்டை உரசும் இடம், வால் அடி, இந்த நான்கும்தான் எப்போதும் முந்திக்கொள்ளும். அசைவும் உரசலும் அங்கேதான் அதிகம். கழுத்துப் பட்டையை வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுவேன். தட்டையான பட்டை சடையை அறுத்துவிடும், உருட்டித் தைத்த தோல் பட்டை பரவாயில்லை. மார்பைச் சுற்றிப் போடுகிற ஹார்னஸ் சுருளிக்குச் சரிப்படவே இல்லை. ஒரு வாரத்தில் அக்குள் முழுக்க ஒரே கட்டி.

சில இடங்களில் சடையே வேண்டாம் என்பது என் முடிவு. கண்காட்சிக்குப் போகிறவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை. பூடிலுக்கு முகத்தை மழிப்பது வழக்கம்தான், அதனால் வாயைச் சுற்றி உணவு ஒட்டுகிற தொல்லை எனக்கு இல்லை. கொமொண்டோர், புலி வளர்க்கிறவர்களுக்கு அந்தத் தாடி பெரிய வேலை. ஒவ்வொரு வேளையும் துடைத்துக் காய வைக்க வேண்டும். ஆசனவாயைச் சுற்றியும், வயிற்றில் ஆண் நாய் சிறுநீர் படும் இடத்திலும் ஒட்டக் கத்தரித்துவிட்டேன். மேலே இருந்து விழும் சடை மூடிக்கொள்ளும், வெளியே தெரியாது. பாதத்துக்கு அடியில் விரல்களுக்கு நடுவில் முடி வளர்ந்தால் வழுக்கும், கல்லும் சேறும் கட்டும். அதை மாதம் ஒரு முறை எடுத்தேன். காதுக்குள் வளர்கிற முடியையும் கவனிக்க வேண்டும். தொங்கும் காதின் மேல் கனமான சடையும் சேர்ந்தால் உள்ளே காற்று சுத்தமாகப் போகாது. வாரம் ஒரு முறை காது மடலைத் தூக்கி மோந்து பார்ப்பேன். புளித்த வாடை வந்தால் கால்நடை மருத்துவர்தான்.

சரி, குளியல். எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்: இதைக் குளிப்பாட்ட முடியுமா? முடியும், குளிப்பாட்டியே ஆக வேண்டும். ஆனால் ஒரு நாள் முழுக்க வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது.

காய்ந்த சடை முதலில் தண்ணீரை வாங்காது. மேலே ஊற்றினால் வாத்து முதுகு மாதிரி வழிந்து ஓடும். கையால் அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி, பஞ்சுக்குத் தண்ணீர் ஊட்டுவது மாதிரி ஊட்ட வேண்டும். அடிவரை நனைய எனக்கு இருபது நிமிஷம் ஆகும். ஷாம்புவை நேராக ஊற்றக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சமாகக் கரைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றி, சடையைப் பிழிந்து பிழிந்து விட வேண்டும். தேய்க்கவே கூடாது. தேய்த்தால் பக்கத்துச் சடையோடு சேர்ந்துகொள்ளும். விரல் நுனியால் தோலை மட்டும், சடைகளுக்கு நடுவில் இருக்கிற அந்தக் கோட்டில் தேய்க்கலாம். கண்டிஷனர் வேண்டாம். அது செதில்களை வழவழப்பாக்கி முடியை நழுவ விடும், நமக்கு வேண்டியது நேர் எதிர். சடைக்குள் தங்கிவிட்டால் வெளியே எடுப்பதும் கஷ்டம். அலசுவதற்குக் குளிப்பாட்டிய நேரத்தைப் போல் இரண்டு மடங்கு. பிழிகிற தண்ணீரில் நுரை நின்ற பிறகும் இன்னும் பத்து நிமிஷம் அலசுவேன். உள்ளே ஷாம்பு தங்கினால் அரிப்பு. அரித்தால் பின்னங்காலால் சொறிவான், சொறிந்தால் சடை அறுந்துவிடும்.

பிறகுதான் உண்மையான வேலை: காய வைப்பது. ஒவ்வொரு சடையாகத் துண்டில் வைத்து, அடியிலிருந்து நுனி நோக்கி அழுத்திப் பிழிய வேண்டும். முறுக்கக் கூடாது. சுருளிக்குப் பன்னிரண்டு துண்டு ஆகும். நனைந்த சடையின் எடையில் அவன் நடையே மாறிப்போகும், ஒரு நாள் முழுக்க மெதுவாக, அகலமாகக் கால் வைத்து நடப்பான். பிறகு ஃபேன். டிரையர் என்றால் சூடு இல்லாத காற்று, அதுவும் அடியைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு. மேல்புறம் நான்கு மணி நேரத்தில் காய்ந்துவிடும். உள்ளே காய ஒன்றரை நாள், இரண்டு நாள்கூட ஆகும். கொமொண்டோருக்கு இன்னும் அதிகம் பிடிக்கலாம்.

இந்த இடத்தில்தான் நான் பெரிய தவறு செய்தேன். இரண்டாவது வருஷம், விடாமல் மழை பெய்த ஒரு வாரம். சாயங்காலம் குளிப்பாட்டினேன். மறுநாள் மதியம் தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது. ஃபேனை நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் மூடிய வாளிக்குள் ஈரத்துணியை மறந்துவிட்ட மாதிரி ஒரு வாடை. கழுத்துக்கு அடியில் சடைகளை விலக்கிப் பார்த்தேன். உள்ளங்கை அளவுக்குத் தோல் சிவந்து, நீர் கோத்து நின்றது. அவன் ஒரு முறைகூட முனகவில்லை, அதுதான் என்னைக் கொன்றது. மருத்துவர் அந்த இடத்துச் சடைகளை எடுக்கச் சொன்னார். பதினொரு சடை. பத்து நாள் மருந்து. அந்த இடம் மறுபடி மற்றவற்றோடு சேர மூன்று வருஷம் ஆயிற்று.

அதற்குப் பிறகு கையை நம்புவதில்லை. விரலுக்கு ஈரம் சரியாகத் தெரியாது. கழுத்துக்குப் பின்னால் இருக்கிற தடித்த சடையை எடுத்து, அடிப்பக்கம் மேல் உதட்டில் வைத்துப் பார்ப்பேன். உள்ளே துளி ஈரம் இருந்தாலும் சில்லென்று இருக்கும். சில்லிப்பு இருக்கிற வரை ஃபேன் ஓடும். மழைக்காலத்தில் குளியலே கிடையாது. மற்ற நாட்களில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. காய்ந்த சடைக்கு நாற்றம் இல்லை, கம்பளிப் போர்வையின் வாடைதான். சடைநாய் நாறுகிறது என்றால் அது காயவில்லை என்று பொருள்.

உண்ணியைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. சடைக்குள் உண்ணி புகுந்தால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, கைதான் கண்டுபிடிக்க வேண்டும். அடி பிரிக்கும்போதே விரல் நுனி தோலில் மிளகு மாதிரி ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தேடிக்கொண்டே போகும். தோலில் ஊற்றுகிற சொட்டு மருந்து என்றால் சடையை விலக்கித் தோலிலேயே விழ வேண்டும், சடையில் விழுந்தால் வீண். புல்வெளியில் ஓடிவிட்டு வந்தால் அன்றே நெருஞ்சியும் புல்விதையும் எடுத்தாக வேண்டும். ஒரு வாரம் விட்டால் சடை அதை விழுங்கிவிடும். சில புல்விதைகளுக்கு முன்பக்கம் கூர், பின்பக்கம் மயிர். முன்னேறிக்கொண்டே போய்த் தோலைத் துளைத்துவிடும்.

வெயிலைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். சடை வெயிலைத் தடுத்துக் குளுமையாக வைக்கும் என்று ஒரு கூட்டம், நாயை வேக வைக்கும் என்று ஒரு கூட்டம். நேர் வெயில் தோலில் படாமல் சடை காக்கிறது, அது உண்மை. ஆனால் ஓடி ஆடிய உடம்பின் சூடு வெளியே போவதையும் அது தடுக்கிறது. நாய் மூச்சிரைத்துத்தான் தன்னைக் குளிர வைத்துக்கொள்ளும். சுருளிக்கு வெயில் ஏறின பிறகு வெளியே வேலை கிடையாது. விடியலில் நடை, பொழுது சாய்ந்து நடை. சூடான நாட்களில் மூச்சிரைப்பு பத்து நிமிஷத்துக்கு மேல் அடங்காவிட்டால் குளிர்ந்த தரை, ஃபேன், வயிற்றிலும் பாதத்திலும் தண்ணீர். வயிறு கத்தரித்திருந்தது அதற்கும் உதவியது.

அவனை மற்றவர்களிடம் விட்டுப் போவதுதான் எனக்குக் கடைசிவரை பயம். ஒரு முறை நான்கு நாள் நாய்க் காப்பகத்தில் விட வேண்டி வந்தது. சீவ வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம் என்று எழுதியே கொடுத்திருந்தேன். திரும்பி வந்தால் இடது காது முழுக்கப் பஞ்சாக நிற்கிறது. பாவம், சிக்கு விழுந்திருக்கிறதே என்று யாரோ நல்ல மனசோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சீவியிருக்கிறார்கள். இரண்டரை வருஷத்துச் சடை. அவரைத் திட்ட மனசு வரவில்லை. ஆனால் அதன்பிறகு எங்கே விட்டாலும் சடையை விலக்கித் தோலைக் காட்டி, விரலை அவர்கள் கையாலேயே உள்ளே விடச் சொல்லி, 'இது சிக்கு இல்லை' என்று புரிய வைத்துவிட்டுத்தான் வருவேன். தொட்டுப் பார்த்தவர்கள் யாரும் பிறகு சீப்பை எடுக்கவில்லை.

எட்டு வருஷம் போனதும் ஏன் எடுத்தேன் என்றால், அவனுக்கு ஒன்பது வயது நெருங்கிவிட்டது. பின்னங்கால் மூட்டில் தேய்மானம். குளியல் நாளில் அவ்வளவு நேரம் நிற்க முடியவில்லை, நனைந்த எடையோடு எழுந்திருக்க இரண்டு முறை முயற்சி செய்து மூன்றாம் முறை எழுந்தான். அதைப் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன். சடை எனக்குப் பிடித்தது. அவனுக்கு அதில் கிடைத்தது சாயங்கால அரை மணி நேர மடி மட்டும்தான், அதைச் சடை இல்லாமலும் கொடுக்கலாம்.

சடையைத் திரும்பச் சுருள் முடியாக்க முடியாது. சீவிப் பிரிக்கப் பார்ப்பது சித்திரவதை. கிளிப்பர்தான் வழி. அங்கேயும் அடிதான் முக்கியம். அடி சுத்தமாகப் பிரித்திருந்தால் தோலுக்கும் சடைக்கும் நடுவில் புது முடியாக ஒரு விரல் இடைவெளி இருக்கும், கிளிப்பர் பிளேடு அதற்குள் வெண்ணெயில் போவது மாதிரி போகும். பாயாக இருந்தால் பிளேடு தோலைத்தான் தேடும். பிளேடு சூடாகிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்து, நிறுத்தி, ஆற விட்டு, இரண்டு மணி நேரத்தில் முடித்தேன். அக்குளில் மட்டும் கத்தரி. உள்ளே தோல் வெளுத்து, ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் இருந்தது. எட்டு வருஷத்து வேலைக்கு எனக்குக் கிடைத்த மதிப்பெண் அது.

எழுந்து வழக்கம் போல உடம்பை உதறினான். உதறலின் வேகத்துக்கு எடை இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலை ஊன்றி நின்று, என்னைப் பார்த்தான். இரண்டு நாள் குளிரில் ஒடுங்கிக் கிடந்தான், இரவில் போர்வை போட்டேன். வெயிலும் நேராகத் தோலில் படுமே என்று ஒரு மாதம் நிழலில்தான் நடத்தினேன். தொடுவதைக்கூட முதல் சில நாள் திடுக்கிட்டுத்தான் வாங்கினான். தோலுக்கு அது புதுசு. இப்போது நாலே எட்டில் மாடிப்படி ஏறுகிறான்.

தோளில் இருந்த நீளமான சடை ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். அதை நேற்று கத்தரியால் குறுக்கே வெட்டிப் பார்த்தேன், வாழ்க்கையில் முதல் முறையாக. மேல்புறம் வெயில் பட்டுச் செம்பட்டையாக இருந்தது. உள்ளே நல்ல கறுப்பு. நடு வரைக்கும் காய்ந்து, மரக்கட்டையின் உள்வட்டம் மாதிரி நெருக்கமாக இருந்தது. நுனியில் நான்கு விரல் அளவை நீளவாக்கில் பிளந்து விரலால் உதிர்த்தேன். அடிப்பக்கத்து முடி எல்லாம் முரடு. நுனியில் வந்தது பட்டு மாதிரி, பழுப்பும் கறுப்புமாக. பத்து மாதத்தில் அவனுக்கு உதிர்ந்த குட்டி முடி அது.